எங்கே என்ற சொல்

கடையின் முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பொம்மைக்கு, முன்னால் வந்து நிற்கும் மனிதரை அறிவிப்பது எளிதன்று. கழிப்பறை விளக்குகளிலும் வாசல் மணிகளிலும் பொருத்தப்படும் மலிவான சென்சார் உடற்சூட்டைக் கண்டு இயங்குவது. தடித்த கண்ணாடி அந்தச் சூட்டை மறைத்துவிடும். ஆகவே நாங்கள் வேறொரு வகையைப் பயன்படுத்தினோம். அது சூட்டைப் பார்ப்பதில்லை. அசைவை மட்டுமே பார்க்கும். அதன் அலை கண்ணாடியை ஊடுருவிச் செல்லும். எதிரே ஏதேனும் அசைந்தால் அது மோட்டாருக்குச் சொல்லும். மோட்டார் பொம்மையின் கழுத்தைத் திருப்பும். கழுத்து திரும்பி நின்றதும் குரல் எழும். சென்சாருக்கு நல்ல தமிழ்ச்சொல் உண்டு. எங்கள் பட்டறையில் அதை ஒருவரும் சொல்வதில்லை என்பதால் இங்கும் விட்டுவிடுகிறேன். ஆனால், அது அசைவை மட்டுமே பார்க்கும் என்பதை வாசிப்பவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நினைவில் வைக்கவேண்டிய நேரத்தில் நான் அதை வைக்கவில்லை.

என் கணவர் வளைகுடா நாட்டுப் பேரங்காடி ஒன்றில் பல ஆண்டுகள் கடைக்கண்ணாடிக் காட்சிகள் அமைத்தவர். ஊர் திரும்பியதும் திங்கள்சந்தைக்கு அருகே ஒரு தகரக்கொட்டகையைப் பட்டறையாக்கிக்கொண்டார். நான் தமிழ் படித்தவள். ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இலக்கணம் நடத்தினேன். அந்த வேலை முடிந்ததும் பட்டறைக்கு வந்தேன். பலகை அறுப்பதும் மின்கம்பி இணைப்பதும் அவருடைய வேலை. உடுத்துவதும் வண்ணம் தேர்வதும் என்னுடையவை. பொம்மை ஏதேனும் பேச வேண்டுமென்றால் அந்தச் சொல்லும், அதைச் சொல்லும் குரலும் என்னுடையவையே.

அந்தக் கார்த்திகையில் எங்களை அழைத்தவர் பேருந்து நிலையத்துக்கு எதிரே துணிக்கடை நடத்தும் முதலாளி. கிறிஸ்துமஸ் வியாபாரம் தொடங்குமுன் முகப்புக் கண்ணாடியில் ஏதேனும் செய்ய வேண்டும் என்றார்.

“நாகர்கோவில் கடையில எல்லாம் பொம்ம சும்மா நிக்கி. நம்ம பொம்ம பேசணும் டீச்சரே. பேசுனா நாலு பேரு நிப்பான். நாலு பேரு நின்னா நாப்பது பேரு என்னன்னு பாக்க வருவான்.”

பழைய காரிலிருந்து எடுத்த துடைப்பான் மோட்டாரைக் கழுத்துக்கு வைத்தோம். கழுத்தைத் தோளோடு ஒட்ட அறுத்து, நடுவில் இரும்புத் தண்டு இறக்கி, அறுத்த இடத்தை முத்துமாலைகளால் மறைத்தோம். முதலில் அது திரும்பும்போது தேங்காய் துருவுவதுபோல் ஓசை வந்தது. மசகு தடவியும் போதாமல், தண்டைச் சுற்றிப் பழைய மிதிவண்டி டயரின் துண்டை வைத்த பிறகே அடங்கியது. கண்ணாடியின் உட்புறம் செம்புத்தகட்டில் ஒரு நட்சத்திரம் ஒட்டினோம். வெளியே நின்று அந்த இடத்தில் விரல் வைத்தால் விளக்கின் நிறம் மாறும். பச்சைப் பட்டு நீலமாகத் தோன்றும், நீலம் கருஞ்சிவப்பாகும். இவையெல்லாம் எவ்வித இடையூறுமின்றி முடிந்தன. இழுபறி, பொம்மை பேசவேண்டிய சொல்லில்தான்.

நான் ‘வருக’ என்று எழுதிக் கொடுத்திருந்தேன். முதலாளி தாளைத் திருப்பித் தந்தார்.

“இது கல்யாண மண்டபத்து வாசல்ல எழுதுறது. ரோட்டுல போறவள இது நிப்பாட்டாது. நம்ம பேச்சில கேக்கணும். ‘எங்க போறிய?’ன்னு ஒரு கேள்வி. திரும்பிப் பாக்காம எவ போவா?”

“‘போறிய’ எழுத்துல நிக்காது அண்ணாச்சி. ‘போகிறீர்கள்’னு வைப்போம்.”

“பொம்மைக்குப் பரிச்சையா வைக்கப் போறிய? பேசத்தானே செய்யுது, எழுதல்லியே.”

என் கணவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இரண்டு நாள் அந்த வினைமுற்றின் விகுதிக்காக வாதாடினேன். பன்மை விகுதி சிதையாமல் ஒலிக்க வேண்டும் என்பது என் பக்கம். சிதைந்த விகுதியில்தான் ஊரின் மணம் இருக்கிறது என்பது முதலாளியின் பக்கம். மூன்றாம் நாள் நான் விட்டுக்கொடுத்தேன். விகுதியைப் பற்றி அத்தனை பேசிய எனக்கு, அதற்கு முன்னால் நின்ற வினாச்சொல் கண்ணில் படவில்லை.

வாசலைத் தாண்டிப் புறப்பட்டவரை ‘எங்கே’ என்று கேட்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. அறிந்தே ஆகவேண்டும் என்றால் ‘தூரமாட்டா?’ என்போம், தூரமாகவா என்ற பொருளில். ‘ஆமா, கொஞ்சம் தூரந்தான்’ என்று மறுமொழி வரும். ‘எங்கே’ என்பது காரியத்துக்குத் தடை. தெரியாமல் ஒருவர் கேட்டுவிட்டால், கேட்கப்பட்டவர் வந்த வழியே திரும்பிச் சற்று உட்கார்ந்து, ஒரு வாய் வெள்ளம் குடித்துவிட்டே மறுபடி புறப்படுவார். தண்ணீரை இங்கே வெள்ளம் என்போம். இதை எனக்கு ஒருவரும் கற்பிக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் நானும் ‘தூரமாட்டா’ என்றே கேட்டு வந்திருக்கிறேன். என் நாக்கு அறிந்திருந்ததை என் படிப்பு மறந்திருந்தது.

அதை முதலில் கண்டுகொண்டவள் அந்தக் கடையின் சேலைப்பிரிவில் வேலை பார்த்தவள். கடியப்பட்டணத்துக்காரி. அவளுடைய கணவன் கொச்சியிலிருந்து புறப்படும் ஆழ்கடல் படகில் தொழில் செய்தான். பொம்மைக்குச் சேலை உடுத்த அவள்தான் எனக்குத் துணையாக வந்தாள். “நாத்தனாரே, இடுப்ப இப்பிடி விறைச்சா கொசுவம் எப்பிடி நிக்கும்?” என்று பொம்மையை வைதுகொண்டே மடிப்பெடுத்தாள். என் கணவர் வெளியே சென்று கையை வீசினார். கழுத்து திரும்பியது. என் குரல் “எங்க போறிய?” என்றது. அவள் விரல்களுக்கிடையே இருந்த மடிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நழுவின.

“டீச்சரக்கா, இதையா கேக்கப் போவுது?”

“ஏன், நல்லா இல்லியா?”

“ஒண்ணுமில்ல. டவுனுக்குக் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு.” அவிழ்ந்ததை மீண்டும் முதலிலிருந்து மடிக்கத் தொடங்கினாள். அதன்பின் பொம்மையை நாத்தனாரே என்று அழைக்கவில்லை.

முதல் சில நாட்கள் கூட்டம் வந்தது. கல்லூரிப் பெண்கள் கூட்டமாக நின்று கையாட்டினார்கள். “எங்க போறிய?” என்றதும் ஒருத்தி, “ஒனக்க மாமியா வீட்டுக்கு!” என்றாள், தெருவே சிரித்தது. ஆனால் சிரிக்காதவர்களையும் நான் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தேன். பெண் பார்க்கப் புறப்பட்டதுபோல் பழமும் பூவும் ஏந்தி வந்த ஒரு குடும்பம் பொம்மையின் குரல் கேட்டு அப்படியே நின்றது. அவர்களில் பெரியவர் எல்லோரையும் எதிர்ப்புறத் தேநீர்க்கடைக்கு அழைத்துப்போய் உட்கார வைத்தார். மருத்துவமனை உறையைக் கக்கத்தில் இடுக்கிய ஒருத்தி பொம்மையை நேராகப் பார்த்து, “ஒனக்க நாக்கு அழுகிப் போவட்டு” என்று சொல்லி நடந்தாள். அது என் நாக்கு.

தேநீர்க்கடைக்காரர் என்னைக் கண்டபோதெல்லாம் கும்பிட்டார். “ஒங்க பொம்மையால எனக்கு நல்ல யாவாரம் டீச்சரே. தடை விழுந்தவன் எல்லாம் இங்க வந்துதான் வெள்ளம் குடிக்கான். வெறும் வெள்ளம் குடிக்க வெக்கப்பட்டு ஒரு சாயாவும் சொல்லுகான்.” அவர் கேலியாகத்தான் சொன்னார். பிறகு, பூதப்பாண்டிப் பக்கத்திலிருந்து நாள்தோறும் வரும் ஆசிரியர் ஒருவர் இப்போது பேருந்து நிலையத்தைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போகிறார் என்பதையும் சொன்னார். அதில் கேலி இல்லை.

முதலாளியிடம் சொல்லை மாற்றலாம் என்றேன். “கூட்டம் வருதில்லியா, கிறிஸ்துமஸ் கழியட்டு” என்றார். நானும் வற்புறுத்தவில்லை. என் பிழையை ஒப்புக்கொள்ள நேரும் என்பதே அதற்குக் காரணம்.

அந்த வாரத்தில்தான் சேலைப்பிரிவுக்காரியின் கணவன் கடலுக்குப் புறப்பட்டான். காலை பத்து மணி இருக்கும். நான் கண்ணாடிக்குள் குந்தி, உரிந்துபோயிருந்த செம்பு நட்சத்திரத்தை ஒட்டிக்கொண்டிருந்தேன். கொச்சிக்குப் போகும் வழியில் இருவர் பையோடு கடைமுன் வந்து நின்றார்கள். ஒருவன் அவள் கணவன். அவளைக் கண்ணால் தேடிக்கொண்டு கண்ணாடியின் முன் அசையாமல் நின்றான். மற்றவன் அதே படகில் போகும் கூட்டாளி. முப்பது வயது இருக்கலாம். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துச் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலைவாரினான். பொம்மையின் கழுத்து திரும்பியது.

“எங்க போறிய?”

அவள் கணவன் வாய்விட்டுச் சிரித்தான். “கடலுக்காக்கும். கூட வாறியாட்டி?”

தேநீர்க்கடையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அப்போது அவள் கடைக்குள்ளிருந்து வந்தாள். கையில் தண்ணீர்ப் புட்டி. மூடி ஏற்கெனவே திறந்திருந்தது. குரல் கேட்ட மறுநொடியே அதை எடுத்திருக்க வேண்டும்.

“உள்ள வந்து ஒரு நிமிசம் இரிங்க. ஒரு மடக்கு குடிச்சிட்டுப் போங்க.”

“பஸ்ஸு நிக்காது பிள்ளே.”

“குடிங்கன்னு சொன்னேன்.”

“பொம்ம கேட்டதுக்கு வெள்ளம் குடிச்சா, நாளைக்கு ரேடியோ கேட்டதுக்கும் குடிக்கணும்.”

பேருந்து நகரத் தொடங்கியிருந்தது. கூட்டாளி சீப்பைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு முதலில் ஓடினான். அவள் கணவன் பின்னால் ஓடினான். புட்டியை அவள் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் ஓடியதைக் கண்டு பொம்மை மீண்டும் ஒருமுறை கேட்டது.

பிறகு மதியச் சோற்றின்போது அவள் சொன்னாள். கல்யாணமாகிப் பதினாலு வருடத்தில் அவள் ஒருநாளும் அவனிடம் எங்கே என்று கேட்டதில்லை. எந்தத் துறை, எந்தப் படகு, எத்தனை நாள் என்பதெல்லாம் அவன் தானாகச் சொன்னால்தான் உண்டு. அவன் செருப்பு மாட்டும்போது அவள் அடுக்களைக்குள் போய் நின்றுகொள்வாள், வாய் தவறியும் ஏதும் வந்துவிடாதபடி. “ஒங்கள ஒண்ணும் சொல்லல்ல டீச்சரக்கா” என்றாள். சோற்றுப்பாத்திரத்தை மூடிவிட்டு, “பொம்மதானே” என்று சேர்த்துக்கொண்டாள்.

அவன் புறப்பட்ட ஐந்தாம் நாள் கடலில் தாழ்வழுத்தம் என்று செய்தி வந்தது. ஆறாம் நாள் கடற்கரைக் கோயில்களில் ஒலிபெருக்கி வைத்துக் கடலுக்குப் போகாதீர்கள் என்றார்கள். போனவர்களுக்கு அந்த ஒலிபெருக்கி கேட்காது. சில ஆண்டுகளுக்கு முன் அடித்த புயலில் எத்தனை வீட்டு வாசலில் எத்தனை நாள் பந்தல் நின்றது என்பது இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே யாரும் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. கரையோடு தொழில் செய்த படகுகள் திரும்பிவிட்டன. தொலைவில் இருந்தவற்றில் பல ஏதேதோ துறைகளில் ஏறின. அவள் கணவன் போன படகோடு பேச்சு இல்லை. பத்துப் பேர் அதில் இருந்தார்கள்.

ஏழாம் நாள் காலை முதலாளி என்னை அழைத்தார். குரலைத் தாழ்த்தியிருந்தார்.

“டீச்சரே, அத நிப்பாட்டிருவோம். ஊரு இருக்கிற இருப்பில இந்தக் கேள்வி வேண்டாம்.”

நான் அதற்காகவே காத்திருந்தவள்போல் பிளக்கைப் பிடுங்கக் குனிந்தேன். பின்னாலிருந்து அவள் சொன்னாள்:

“நிப்பாட்டாதிய.”

வேலைக்கு வரமாட்டாள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். வந்து, வழக்கம்போல் மிதியடியைக் கழற்றிவிட்டு, பட்டுச்சேலை அடுக்கின்முன் நின்றிருந்தாள்.

“கேட்டது கேட்டாச்சு. இப்ப வாய மூடிட்டா, கேட்டதே கடைசியாட்டு நின்னுரும். மாத்திக் கேக்கட்டு.”

“எப்பிடி மாத்த?” என்றேன்.

“‘வந்தியளா?’ன்னு கேக்கட்டு. ஒங்க சத்தத்திலேயே. கேட்ட வாயிதான் கேக்கணும்.”

முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். “செரி மக்கா. கடைக்கு வாற ஆளுக்கும் அது பொருத்தந்தான்” என்றார். அவர் வியாபாரத்தை நினைத்துச் சொல்லவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

குரலைப் பதிய அவளும் என்னோடு பட்டறைக்கு வந்தாள். தகரக்கூரையில் மழை அறைந்துகொண்டிருந்ததால், பொம்மைகளைச் சுற்றிக் கொண்டுவந்த பஞ்சுப்போர்வையைத் தலைக்குமேல் இழுத்து மூடிக்கொண்டு பேசினேன். போர்வைக்குள் அவளும் இருந்தாள். நான் பேசியதை அவள் ஏற்கவில்லை.

“சந்தேகமாட்டு கேக்குதிய டீச்சரக்கா. கேள்வி கேக்காதிய. ஆளு வாசல்ல நிக்கி. நீங்க பாத்தாச்சு. பாத்த பொறவு கேக்கணும்.”

வினா ஆறு வகை என்று வகுப்பில் பல ஆண்டு நடத்தியிருக்கிறேன். விடையை அறிந்துகொண்டே கேட்பது அறிவினா. இதுவோ அதுவோ என்று மயங்கிக் கேட்பது ஐயவினா. அவள் வேண்டியது முன்னது. என் தொண்டையிலிருந்து வந்ததெல்லாம் பின்னது. எத்தனை முறை சொன்னேன் என்று எண்ணவில்லை. கடைசியில் அவளே போர்வையை விலக்கி, “இது போதும்” என்றாள். திருப்தியால் சொன்னதன்று, கடைக்குத் திரும்பவேண்டிய நேரமாகியிருந்தது.

அன்று பிற்பகல் முதல் பொம்மை “வந்தியளா?” என்று கேட்டது.

நான் எண்ணிப் பார்க்காத ஒன்று மழை. சாய்ந்தடித்த மழை கண்ணாடியில் தகடுபோல் இறங்கும்போது சென்சாருக்கு அதுவும் அசைவுதான். தெருவில் ஒருவருமில்லை. பேருந்து நிலையத்தின் தார்த்தரையில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. பொம்மை கழுத்தைத் திருப்பி அந்த வெறுமையைப் பார்த்து, “வந்தியளா?” என்றது. அவள் தலை நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள். பிறகு குனிந்து சேலையை மடித்தாள். காற்று முகப்பில் கட்டியிருந்த தாள்நட்சத்திரத்தை ஆட்டியது. “வந்தியளா?” அவள் நிமிர்ந்தாள். ஒவ்வொரு முறையும் நிமிர்ந்தாள். வெறும் மழைதான் என்று முன்கூட்டியே அறிந்திருந்தும் நிமிர்ந்தாள். சேலை வாங்க வந்திருந்த இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பிறகு வருவதாகச் சொல்லிக் கிளம்பினார்கள்.

மறுநாள் என் கணவர் திருப்புளியோடு வந்தார். சென்சாரின் பின்புறத்தில் அதன் கூர்மையைக் குறைக்கும் சிறு திருகு ஒன்று உண்டு.

“இத ஒரு சுத்து குறைச்சா மழைக்குப் பேசாது” என்று அவளிடம் பொறுமையாகச் சொன்னார். “ஆளு வந்து நல்லா அசைஞ்சாத்தான் பேசும். ஒனக்கும் கொஞ்சம் நிம்மதியாட்டு இருக்கும்.”

“அசையாம நின்னா?”

“அசையாம நிக்கிற ஆள அதுக்குத் தெரியவே தெரியாது. இப்பவும் தெரியாது.”

“அப்ப கொறைக்காதிய அண்ணா. அவிய ஆடி அசைஞ்சு வாற ஆளில்ல. வந்தா பைய வருவாவ. நின்னா மரம் போல நிப்பாவ. ஒங்க மிஷினுக்குத் தெரியாமப் போயிரும்.”

திருப்புளியை அவர் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் அருகிலேயே நின்றிருந்தேன். அவள் சொன்னதும் அவர் சொன்னதும் என் காதில் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

பத்தாம் நாள் அவள் ஊர்ப் பங்குச்சாமியாருக்கு ஒரு செய்தி வந்தது. படகு வடக்கே தொலைதூரத் துறை ஒன்றுக்கு இழுத்துவரப்பட்டிருக்கிறது. ஒன்பது பேர் இறங்கியிருக்கிறார்கள். போனது பத்துப் பேர். பெயர்கள் இன்னும் வரவில்லை.

அந்தச் செய்தியோடு அவள் கடைக்கு வந்தாள். வீட்டில் இருக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. இங்கே இருப்பதும் அங்கே இருப்பதும் ஒன்றுதான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பத்து வீடுகளில் அன்று அடுப்பு எரிந்திருக்காது. ஒன்பது வீடுகளுக்கு விடுதலை தரும் செய்தியைப் பத்து வீடுகளும் தலையில் சுமந்துகொண்டிருந்தன. மழை நின்றிருந்தது. வெயில் வந்ததால் தெருவில் ஆட்கள் நடந்தார்கள். ஆகவே பொம்மை மழையின்போது கேட்டதைவிட அதிகமாகக் கேட்டது. ஒரு லாட்டரிக்காரரிடம் கேட்டது. தலையில் வாழைக்குலை வைத்துப்போனவரிடம் கேட்டது. ஒரு நாயிடம் கேட்டது. அவள் இப்போது நிமிரவில்லை. கல்லாவில் இருந்த தொலைபேசியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலை நான்கு மணிக்கு அது அடித்தது. முதலாளி எடுத்தார். கேட்டார். அவளிடம் நீட்டினார். அவள் காதில் வைத்ததும் துணிக்கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள். அவள் கணவனின் குரல் எனக்கும் சன்னமாகக் கேட்டது. அவள் அழவில்லை. “அப்ப யாரு?” என்றாள். அவன் ஏதோ சொன்னான். அவள் தொலைபேசியை மெல்ல வைத்துவிட்டுத் தன் நெற்றிமேல் கையால் ஒரு கோடு இழுத்துக் காட்டினாள், தலைவாருவதுபோல்.

இரண்டு நாள் கழித்து அவன் வருகிற தினத்தில் அவள் காலையிலிருந்தே கண்ணாடிக்கு முன்னால், தெருவில் நின்றாள். அவன் அதன்முன் வந்து நிற்க வேண்டும், அது கேட்க வேண்டும், அவன் வந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். கேட்ட கேள்விக்கு அவ்வளவுதான் பாக்கி என்றாள். அவள் நின்றதனால் பொம்மை அவளிடமே கேட்டுக்கொண்டிருந்தது. பேருந்துகள் வந்தன. அவன் எதிலிருந்தும் இறங்கவில்லை.

அவன் பின்பக்கத்துச் சந்து வழியாக, சரக்கு இறக்கும் கதவால் உள்ளே வந்தான். நானும் என் கணவரும் உள்ளே இருந்தோம். முகத்தில் உப்பும் வெயிலும் தோலை உரித்திருந்தன. துணிக்கட்டின்மேல் உட்கார்ந்து, முகப்பைப் பார்க்காதபடி முதுகைத் திருப்பிக்கொண்டான். நான் அவளை அழைத்துவர ஓடினேன். அவள் வந்து அவன் தோளில் கை வைத்தாள்.

“முன்னால வந்திருக்கலாமே” என்றாள். “அது கேக்கும்னு நின்னேன்.”

“அதுக்க முன்னால நான் வரமாட்டேன்.” அவன் குரல் தாழ்ந்திருந்தது. “அன்னைக்கு என்னையாக்கும் கேட்டதுன்னு அத்தன நாளும் நெனச்சிட்டுக் கெடந்தேன். போட்ல ஒருத்தன்ட்டயும் சொல்லல்ல. சொன்னா எறக்கி விட்டிருப்பானுவ. கூட வந்த அவன்தான் எல்லார்ட்டயும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். ‘ஒனக்க மூஞ்சிக்கா அது திரும்பும்? எனக்க முடியப் பாத்தாக்கும் திரும்பிச்சு. என்னையாக்கும் கேட்டிச்சு’ன்னு. விளையாட்டுக்குத்தான் சொன்னான். மூணாவது அலையில போனான்.”

என் கணவர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். ஒருவன் மரம்போல் நின்றிருந்தான்; மற்றவன் தலைவாரிக்கொண்டிருந்தான். சென்சார் அசைவை மட்டுமே பார்க்கும். நாங்கள் இருவரும் அதைச் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் ஒருவருக்கொருவர்கூடச் சொல்லிக்கொண்டதில்லை. புயலைப் பொம்மை கொண்டுவரவில்லை என்பது எனக்குத் தெரியும். காற்றழுத்தத் தாழ்வு எப்படி உருவாகிறது என்பதும் தெரியும். அந்தத் தெளிவு அன்று எனக்கு எவ்விதத்திலும் உதவவில்லை.

வாசலில் யாரோ போனார்கள். “வந்தியளா?” என்றது என் குரல்.

அவன் காதைப் பொத்திக்கொண்டான். அவள் முகப்புக்குப் போனாள். “இனி வேண்டாம்” என்றாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பொம்மையின் காலடியில் குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். அதற்குள் மறுபடி திரும்பியிருந்த கழுத்து அப்படியே நின்றது. “வந்தி” என்ற மட்டில் குரல் அறுந்தது.

அவளைக் குறை சொல்ல நான் யார். அவளுக்கு வரவேண்டியவன் வந்துவிட்டான். ஆனால் வராதவன் ஒருவன் இருந்தான். அவன் உடலும் கரை ஒதுங்கவில்லை. அவனுக்காக அதை ஓடவிடுங்கள் என்று சொல்ல அந்தக் கடையில் யாரும் இல்லை. நானும் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸ் வரை பொம்மை அப்படியே கழுத்துத் திரும்பிய நிலையில் நின்றது. மோட்டாரைக் கழற்றினால்தான் நேராக்க முடியும்; அதற்குச் சேலையை அவிழ்க்க வேண்டும்; அவள் அந்தப் பக்கம் வர மறுத்தாள்.

தை பிறக்குமுன் காட்சியைப் பிரித்தெடுக்க நானும் என் கணவரும் போனோம். நான் உள்ளே குந்திச் செம்பு நட்சத்திரத்தை உரித்துக்கொண்டிருந்தேன். வெளியே ஒருத்தி வந்து நின்றாள். நாற்பது வயது இருக்கும். கையில் மடக்கிய குடை. அவளுடைய நெற்றியும் முடி தொடங்கும் இடமும் எனக்கு முன்பே தெரிந்தவைபோல் இருந்தன. சேலைப்பிரிவிலிருந்து ஒரு குரல் தணிந்து வந்தது.

“அது வராமப் போனவனுக்க அக்கா. மணவாளக்குறிச்சியில கட்டிக் குடுத்தது.” சொல்லிவிட்டு அவள் சேலை அடுக்குகளுக்குப் பின்னால் போய்விட்டாள்.

வந்தவள் பொம்மையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது ஏதோ கேட்கும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். சற்று இடப்பக்கம் நகர்ந்தாள். வலப்பக்கம் நகர்ந்தாள். பிறகு குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையை உயர்த்திக் கண்ணாடிக்கு நேரே மெல்ல அசைத்தாள். பிளக் என் முழங்காலுக்கு அருகே கிடந்தது. அதைச் செருகினால் என் குரல் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். ‘வரவில்லை’ என்ற விடையை அறிந்தே கேட்கும் வினாவாக அது அப்போது மாறியிருக்கும். என் கை அதை நோக்கிப் போகவில்லை.

அவள் மூன்றாம் முறையும் கையசைத்தாள். பிறகு தெருவைக் கடந்து எதிர்ப்புறத் தேநீர்க்கடையின் பெஞ்சில் சற்றுநேரம் உட்கார்ந்தாள். ஒரு குவளை வெள்ளம் கேட்டு வாங்கி, நிறுத்தி நிறுத்திக் குடித்தாள். குவளையைக் கழுவி வைத்துவிட்டு மணவாளக்குறிச்சிப் பேருந்தில் ஏறினாள்.